இங்கு சீடி அடித்துத் தரப்படும்

புது லப்டொப்பில் சீடி போடும் வாய் இல்லை, ஆனால் வவுனியாவைச் சுற்றியுள்ள வீடுகளில் சீடி பிளேயர்கள் இன்னும் சாகவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட தொழில் என்னுடையது. வெளியில் கொழுவும் சீடி ரைட்டரை வயரில் பூட்டி, அது கரகரவென்று சத்தம் போடும்போதெல்லாம் சாமியைக் கும்பிடுகிற என் இனத்தாரே, நான் பட்டதை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

விசா

சூசை அண்ணை முல்லைத்தீவுக் கரையில் கடல் தொழில் செய்கிறவர். மாதம் ஒருமுறை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் வருவார். அவருடைய ஒரே மகளின் கலியாணம் பிரான்சில் நடந்தது. தாய் தகப்பன் இருவருக்கும் விசா கிடைக்கவில்லை. கலியாண வீடியோ மட்டும் ஒரு பென் ட்ரைவில் வந்து சேர்ந்தது. என் லப்டொப்பைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "தம்பி, இதில எதுக்குள்ள சீடியைப் போடுறது?" என்று கேட்டார்.

நான் அவசரத்தில் பென்னில் இருந்த கம்பியூட்டர் ஃபைலை மாற்றாமல் அப்படியே சீடியில் ஏற்றிக் கொடுத்துவிட்டேன். பழைய பிளேயருக்கு அந்தப் பாஷை விளங்காது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த கிளினிக்குக்கு வந்தபோதுதான் நடந்ததைச் சொன்னார். அயல் சனத்தையெல்லாம் கூப்பிட்டு, கேக் வெட்டி வைத்து, மனிசி, மகள் அனுப்பிய பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு முன்கதிரையில் இருந்தாவாம். ரீவீ நீலமாகவே நின்றதாம். சனம் கேக்கைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது. நான் வெட்கத்தோடு புதுச் சீடி ஒன்றை ஒழுங்காக அடித்து, கடையில் ஓடவிட்டுக் காட்டிக் கொடுத்தேன். அதைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்:

"கலியாணத்துக்குப் போக எம்பசி விடேல்லை. பாக்கிறதுக்கு இந்தப் பெட்டி விடேல்லை. எங்களை உள்ளுக்கு விட ஒருத்தருக்கும் மனமில்லைத் தம்பி."

இரண்டு பக்கமும் கறுப்பு

செட்டிகுளத்தில் இருந்து ஒரு பெண் வந்தா. தாய் தகப்பன் மலைநாட்டில் இருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள். புருஷன் கட்டாரில் கட்டட வேலைக்குப் போய், வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சுவலி வந்து செத்துப் போனார். சீல் வைத்த பெட்டியில்தான் வந்தார். திறக்க விடவில்லை. மிச்சம் இருந்தது அவர் பிள்ளைகளுக்காகத் தன் போனில் எடுத்து அனுப்பிய ஒன்பது சின்ன வீடியோக்கள். அவவுடைய போனும் இன்றோ நாளையோ என்று கிடந்தது.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் ரீவீயில் எப்படி வரும்? நடுவில் ஒடுங்கலாக ஆள், இரண்டு பக்கமும் கறுப்பு. "இந்தக் கறுப்ப எடுத்துடுங்கண்ணே. அங்க ரூம்லயும் எட்டுப் பேரோட நெருங்கிக்கிட்டுத்தான் கெடந்தாரு" என்றா. சரியென்று படத்தைப் பெருப்பித்தேன். கறுப்புப் போனது. கூடவே அவருடைய நெற்றியும், நெஞ்சுக்குக் கீழே எல்லாமும் போய்விட்டன. அவ திரைக்குக் கிட்ட வந்து பார்த்தா.

"வேணாண்ணே, பழையபடி வைங்க. பெட்டியிலதான் முழுசாப் பாக்க விடல, இதுலயாச்சும் முழுசா இருக்கட்டும்."

பதினொரு செக்கன்

ஒட்டுசுட்டானில் இருந்து வந்த அந்த அம்மாவின் மகன் கடைசி யுத்தத்தில் காணாமல் போனவன். ஓடிய ஓட்டத்தில் அவனுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கனடாவில் இருக்கும் பெறாமகள், தங்கச்சியின் பிள்ளை, தன் பழைய கலியாண வீடியோவின் கொப்பியை அனுப்பியிருந்தா. அதில் ஓரிடத்தில் அவன் சர்பத் தட்டோடு வருகிறான். ஆட்களுக்கு நீட்டுகிறான். யாரோ கூப்பிட, ஒருக்கா எங்கள் பக்கம் திரும்பிச் சிரிக்கிறான். போகிறான். பதினொரு செக்கன்.

"அந்தத் துண்டை மட்டும் போட்டுத் தாங்கோ தம்பி" என்றா. பதினொரு செக்கனை எப்படி ஒரு தாயிடம் கொடுப்பது? எனக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. அதையே திரும்பத் திரும்ப ஒட்டி அரை மணித்தியாலமாக்கினேன். கடையில் போட்டுக் காட்டினேன். அவன் வந்தான், நீட்டினான், சிரித்தான், போனான். திரும்பவும் தட்டோடு வந்தான். ஏழெட்டுத் தடவை பார்த்திருப்பா. பிறகு எழும்பி வந்து என் கையைப் பிடித்தா.

"தம்பி, பிள்ளை களைச்சுப் போவான். ஒருக்கா வந்திட்டுப் போனாப் போதும்."

தொண்ணூற்றெட்டு வீதம்

இது முழுக்க என் பிழை. ஒரு ரீச்சர் தகப்பனின் செத்தவீட்டு வீடியோவைத் தாய்க்காகச் சீடியில் போடக் கொடுத்தா. தொண்ணூற்றெட்டு வீதத்தில் ரைட்டர் நின்று இழுத்தது. பிறகு முடிந்தது என்று காட்டியது. கடைசி வரை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அவ கேட்டபடி பென்னையும் அழித்து, பள்ளிக்கூட வினாத்தாள்களை ஏற்றிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு கிழமையால் வந்தா. படம் கடைசியில் உறைந்து நிற்கிறதாம். படம் எடுத்தவரும் தன் கமெராக் கார்ட்டை அழித்துவிட்டார். மூன்று நாள் பென்னோடு மல்லுக்கட்டினேன். ஒன்றும் மீளவில்லை. அவவின் முகத்தைப் பார்க்காமலே மன்னிப்புக் கேட்டேன். அவ ஏசவில்லை.

"அப்பாவைத் தூக்கிற இடத்திலதான் நிக்குது அண்ணை. அம்மா ஒவ்வொரு நாளும் அதுவரைக்கும் பாத்திட்டு, 'அவர் இன்னும் வீட்டிலதான்' எண்டு சொல்லி எழும்பிப் போய்ச் சமைக்கிறா. இனி அதைத் திருத்தாதேங்கோ."

ஆட்கள் என்னிடம் கேட்பதும் சீடிதான், நான் கொடுப்பதும் சீடிதான், ஆனால் இத்தனை வருடத்தில் நாங்கள் சீடியைப் பற்றிக் கதைத்தது மிகக் குறைவு.