அந்தோனிப்பிள்ளை நிரப்பிய வெற்றுக் கட்டங்கள்

பதுளையில் அந்தோனிப்பிள்ளையைவிட நன்றாகக் கீபோர்ட் வாசிப்பவர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். அது அவருக்கே தெரியும். ஆனாலும், காலஞ்சென்ற சூசை மாஸ்டரின் மனைவி றீட்டா வந்து கேட்டபோது, பெரிய மேதை கணக்காகத் தாடியைத் தடவிக்கொண்டு, "அதுக்கென்னக்கா, முடிச்சிடுவோம்" என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தாடியே கிடையாது. வெறும் மோவாயைத்தான் தடவினார்.

மீரியபெத்த தேயிலைத் தோட்டத்து மண்சரிவில் புதைந்தவர்களுக்காக மாஸ்டர் ஒரு பெரிய இசைக்கோவை எழுதிக்கொண்டிருந்தார். வயலின், கிளாரினெட், ட்ரம்பெட், நடுவே தோட்டத்துத் தப்பு மேளம். கடைசிப் பாகம் பென்சில் குறிப்பாக இருக்கும்போதே மாரடைப்பு வந்து போய்விட்டார். றீட்டாவின் தங்கை ஜெசிந்தினியும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறாள். உடல்கூடக் கிடைக்கவில்லை.

"நினைவு நாளைக்கு ஒரு தடவ முழுசாக் கேட்டுறணும் தம்பி. அவளுக்குன்னு வேற ஒண்ணுமே செய்ய முடியல" என்றாள் றீட்டா.

குறிப்பில் தப்புக்கு மட்டும் அடி எழுதியிருந்தது. அதற்குப் பிறகு வரிசையாக வெற்றுக் கட்டங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னப் புள்ளி. மாஸ்டர் பென்சில் கூர் பார்த்திருக்கிறார் என்று அந்தோனிப்பிள்ளை முடிவு கட்டினார். இரண்டு மாதம் வீட்டில் யாரையும் மூச்சுவிட விடாமல், அந்தக் கட்டங்களில் வயலினைக் கொட்டினார். மிச்சமிருந்த இடத்தில் ட்ரம்பெட்டைத் திணித்தார். நோட்டீசில் 'நிறைவு செய்தவர்' என்று தன் பெயரை மாஸ்டர் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போடச் சொன்னார்.

கோயில் மண்டபத்தில் ஒத்திகை. தப்புக்காரர் அழகையா அடிக்கத் தொடங்கியதும், முன்வரிசையில் இருந்த றீட்டா சட்டென்று எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நின்றாள். தன் இசைக்குத்தான் எழுந்து நிற்கிறாள் என்று அந்தோனிப்பிள்ளைக்கு நெஞ்சு புடைத்தது. கையை ஒரு முழம் கூடுதலாகவே வீசினார். தப்பு நின்றது, வயலின்கள் பாய்ந்தன. றீட்டா முகம் வாடி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க்கா, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு தம்பி. இது அந்தக் காலத்துல காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்க அடிக்கிற பெரட்டுத் தப்பு இல்லையா? கல்யாணத்துக்கு முந்தி நானும் தங்கச்சியும் கொழுந்தெடுக்கப் போனவங்கதானே. தப்பு நின்னா பேர் கூப்பிடுவாங்க. அதான் நின்னேன். நீங்க வயலினைப் போட்டுட்டீங்க."

அந்தோனிப்பிள்ளைக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவரும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர்தான். அவருடைய அம்மா விடியற்காலைப் பெரட்டில் நின்று, பேர் கூப்பிட்டதும் 'இருக்கேங்க' என்று சொல்லித்தான் அவரைப் படிக்கவைத்தாள். கீபோர்ட் வந்ததும் அதெல்லாம் எங்கேயோ போய்விட்டது. மாஸ்டர் எதையும் பாக்கி வைக்கவில்லை. ஒரு புள்ளி, ஒரு பேர். பிறகு அந்த வெற்றுக் கட்டம், பதில் வரவேண்டிய இடம்.

வெட்கமாக இருந்தது. அன்றே ரப்பரை எடுத்து உட்கார்ந்து, தன் இரண்டு மாதத்து மேதைமையை ஒரு மணி நேரத்தில் அழித்து முடித்தார். நோட்டீஸ் மட்டும் அடித்தாகிவிட்டது. அதை ரப்பரால் அழிக்க முடியாதே!

நினைவு நாளன்று, மண் சரிந்த கொஸ்லந்தையில் தப்பு நின்றது. றீட்டா எழுந்து நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். ஒவ்வொரு பேருக்கும் பிறகு ஒரு கட்டம் முழுக்க, சத்தமே இல்லாத இடத்தில் அந்தோனிப்பிள்ளை கையசைத்துத் தாளம் காட்டினார். அழுகையை அடக்கிக்கொண்டு தாளம் தவறாமல் கையை ஆட்டுவது, அவர் அதுவரை செய்த எதையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"ஜெசிந்தினி."

றீட்டா காத்திருந்தாள். கட்டம் முடிந்தது. அந்தோனிப்பிள்ளை அடுத்த பேருக்குக் கை காட்டாமல், இன்னொரு கட்டம் காத்திருந்தார். அந்த இசைக்கோவையில் அவர் சேர்த்தது அது ஒன்றுதான்.