கல்யாண மண்டபத்தில் ஷூ டப்பாக்கள்

ஷூ டப்பாவில் முக்கால்வாசி காற்றுதான். அட்டையை வெட்டி, மடித்து, மூலைக்கு மூலை பின் அடித்தால் டப்பா. அதற்கு மேல் அதில் ஒரு சூட்சுமமும் கிடையாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே அது பிடிபட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பம்மலில் ஒரு சந்துக்குள் ஷீட் கூரை போட்ட ஷெட்டில் நானும் என் மனைவியின் தம்பியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். காற்றுக்கு எடை கிடையாது, ஆனால் இடம் வேண்டும். அதை மறந்ததால் வந்த கூத்துதான் இது.

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. அவர்களுக்கு வேண்டிய டப்பாவில் பாதி எங்களுடையது, மீதிப் பாதி அடுத்த தெரு பாயுடையது. பல வருடங்களாக அப்படித்தான். அவரிடம் பின் டப்பி தீர்ந்தால் எங்களிடம் வாங்கிக்கொள்வார். எங்கள் கட்டிங் மிஷின் படுத்துக்கொண்டால் அவர் ஷெட்டில் போய் வெட்டிக்கொண்டு வருவோம். இதற்கு யாரும் எந்தப் பெயரும் வைக்கவில்லை.

பெயர் வைத்தவர் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசர். செல்போன் எல்லோர் சட்டைப்பையிலும் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இனிமே எங்க ஸ்டோர்ல ஒரு டப்பாகூட இருக்காது. ஜீரோ ஸ்டாக். காலையில போன் பண்ணி எந்த சைஸ், எந்தக் கலர்னு சொல்லுவோம். மத்தியானத்துக்குள்ள சரக்கு வந்துடணும். கொஞ்ச நாள் பார்ப்பேன். யாரு கரெக்டா தர்றீங்களோ, மொத்த ஆர்டரும் அவங்களுக்கு."

டப்பா வைத்திருந்த பெரிய அறையை அப்போதே காலிசெய்து, கண்ணாடிக் கதவு போட்டு மீட்டிங் ரூம் ஆக்கிவிட்டார்கள்.

வேறு ஆர்டர் எங்களுக்குக் கிடையாது. இது போனால் ஷெட்டைப் பூட்டவேண்டியதுதான். பின் அடிக்கிற பெண்களுக்கு என்ன சொல்வது, என் வீட்டுக்கு என்ன சொல்வது என்று நான் உட்கார்ந்திருக்க, மச்சான் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். போன மாதம்தான் அவன் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஓட்டலின் ஏசி ஹாலில் ஒரு நாள் வகுப்புக்குப் போய்வந்திருந்தான். அங்கே ஒரு பையும் பேனாவும் மத்தியானச் சாப்பாடும், வாய் நிறைய வார்த்தைகளும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"மாமா, இதுதான் சான்ஸ். சப்ளை செயின்ல யாரு ஃபாஸ்டோ அவன்தான் லீடர். பாய் நமக்கு காம்படிட்டர். இனிமே அவர்கிட்ட எதுவும் பேசாத."

"பின்னு கேட்டா?"

"இல்லன்னு சொல்லு. அதுதான் ஸ்ட்ராட்டஜி."

ஆக, ஒரு டப்பி பின்னை இல்லை என்று சொல்வதற்கு ஏசி ஹாலில் போய்ப் படித்துவிட்டு வந்திருக்கிறான்.

காலையில் போன் வந்தால் மத்தியானத்துக்குள் புதிதாக அடித்துக் கொடுக்க எவனாலும் ஆகாது. எல்லா சைஸிலும் எல்லாக் கலரிலும் முன்கூட்டியே அடித்துக் குவித்து வைக்கவேண்டும். ஆபீசரிடம் மட்டும் மச்சான், "எங்க கெபாசிட்டி அப்படி சார்" என்று சொல்லிவைத்தான். ஷெட் ஒரே வாரத்தில் நிரம்பியது. என் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் நிரம்பியது. என் மனைவி தம்பியையும் என்னையும் சேர்த்தே திட்டினாள். அப்போதுதான் மச்சான் அந்தக் கல்யாண மண்டபத்தைக் கண்டுபிடித்தான். ஆடி பிறந்திருந்தது. மண்டபம் காலி. சாப்பாட்டு ஹாலை மேனேஜர் சல்லிசாகக் கொடுத்தார்.

"ஆடியில எவன் மாமா கல்யாணம் வைப்பான்? இது யாருக்காவது தோணுமா?" என்று தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

நான் எல்லாவற்றுக்கும் பயந்தேன். எலி கடிக்குமோ, மழை ஒழுகுமோ, எவனாவது பீடித் துண்டைப் போட்டுவிடுவானோ என்று தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பயப்படவேண்டியதற்கு மட்டும் பயப்படவில்லை. எங்கள் தெருவில் பாதி வீடு முஸ்லிம் வீடு. அவர்களுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன? ஒவ்வொரு ஆடியிலும் அந்த வீடுகளில் சீரியல் பல்பு எரிவதைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தோம். அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை மேனேஜரிடமிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ், சாப்பாட்டு ஹாலும் வேண்டுமாம். உங்களுக்குக் கொடுத்ததை மறந்தே போய்விட்டேன் என்றார். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினோம். ஹால் நடுவில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கூரை வரைக்கும் ஏறியிருந்த டப்பாக்களைப் பார்த்தபடி பெண்ணின் அப்பா நின்றுகொண்டிருந்தார். அடுத்த தெரு பாய்.

"இன்னாபா இது? என் பொண்ணுக்கு இம்மாம் செருப்பு சீரா வந்துகீது?"

மச்சான் தொண்டையைக் கனைத்தான். "அது வந்து பாய்... பஃபர் ஸ்டாக்..."

"இன்னாவோ ஒண்ணு. அதான் பின்னு கேட்டா இல்லேன்னியா?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மண்டபத்துல வைக்கிறீங்களே பாய், எப்பவும் வீட்டு வாசல்ல பந்தல் போட்டுத்தானே செய்வீங்க?" என்று எதையாவது பேசவேண்டுமே என்று கேட்டேன்.

பாய் சிரிக்க ஆரம்பித்தார்.

"வூட்ல கால் வெக்க எடம் கீதா? கூடத்துல டப்பா, மாடிப்படியில டப்பா. வாசல்லகூட தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கேன். வூட்ல இருக்கிறவ, மாப்பிள்ளய டப்பாக்குள்ளயா உக்கார வெப்பேன்னு கேக்குறா. அதான் ஆடியில மண்டபம் காலியா இருக்குமேன்னு இங்க வந்தேன்!"

கம்பெனி தன் ஸ்டோரைக் காலிசெய்து காட்டிய ஜீரோ ஸ்டாக்கின் மறுபக்கம் இங்கேதான் இருந்தது. பாய் வீட்டு மாடிப்படியிலும் எங்கள் மண்டபத்திலும்.

அவ்வளவு காற்றை மூன்று நாளில் வேறு எங்கேயும் கொண்டுபோக வழியில்லை. பாயே ஒரு வழி சொன்னார். எல்லாவற்றையும் ஒரு பக்கச் சுவரோடு ஏற்றி அடுக்கி, டெக்கரேஷன்காரரை விட்டு மேலே சிவப்புத் துணி கட்டிவிடலாம், மீதி இடத்தில் பந்தி ஓடட்டும் என்றார். அப்படியே செய்தோம். பார்க்க மேடை மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு நாங்களும் போனோம். பாய் பர்ச்சேஸ் ஆபீசரையும் அழைத்திருந்தார். அழைக்காமல் இருப்பாரா? ஆபீசர் வந்து, துணிச் சுவருக்குப் பக்கத்தில் வசதியான இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். பிரியாணியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அவர் நாற்காலி அசையும்போதெல்லாம் என் நெஞ்சும் அசைந்தது. சாப்பிட்டு முடித்த திருப்தியில் ஒரு ஏப்பம் விட்டு, முதுகை நன்றாகப் பின்னால் சாய்த்தார்.

துணி கிழிந்தது. அவருடைய கம்பெனியின் பெயர் அச்சடித்த டப்பாக்கள் அவர் தலைமேலும் தட்டிலும் தயிர்ப் பச்சடியிலும் பொலபொலவென்று கொட்டின. வெறும் காற்றுதானே, அடி ஒன்றும் படவில்லை. மடியில் விழுந்த ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரோட சரக்கு இது?"

மச்சானின் ஸ்ட்ராட்டஜி எல்லாம் அந்த நேரம் எங்கே போனதோ, அவன் தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு நழுவிவிட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார்.

"ரெண்டு பேரோடதும்தான் சார். என் வூட்ல இன்னும் கீது. வந்து பாக்குறீங்களா?"

"இல்ல, வேணாம் வேணாம்," என்றார் ஆபீசர். அப்போது அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதன் சீட்டாட்டத்தில் எதிராளியின் கையைப் பார்த்துவிட்ட சிரிப்பு அது.

மறுநாளே கூப்பிட்டு அனுப்பினார். மூவரும் போனோம்.

"ரெண்டு பேருமே ரெடியா வெச்சிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். பழையபடி பாதிப் பாதி எடுத்துக்கறோம். ஆனா ரேட்டு இதுதான்," என்று ஒரு காகிதத்தைத் தள்ளினார். அட்டை விலைக்கே இழுபறியாக இருந்தது.

"சார், இது கட்டுப்படியாகாது," என்றேன்.

"அப்போ வேற யாருக்காவது கொடுங்களேன்."

அவர் கம்பெனி பேர் போட்ட டப்பாவை வேறு எவன் வாங்குவான் என்பதை அவர் சொல்லவே இல்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. வேகமாகக் கொடுப்பதற்காக நாங்கள் குவித்ததெல்லாம் அவர் எங்களுக்குப் போட்ட பூட்டாகிவிட்டிருந்தது. பாய் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன்.

"ஆர்டர் கையவிட்டுப் போகல பார்த்தியா மாமா? இதுக்குப் பேருதான் வின்-வின்," என்று மச்சான் மெதுவாகச் சொன்னான். அவனை அடிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

வெளியே வருகிற வழியில் அந்தக் கண்ணாடி அறை. ஒரு நீள மேஜை, சுற்றிலும் நாற்காலிகள், ஒரு ஆளும் இல்லை, ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாய் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உள்ளே பார்த்தார்.

"எம்மாம் எடம் பாத்தியாபா? நம்ம டப்பா மொத்தமும் இதுக்குள்ள போயிடும்."

போகாது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் கணக்குப் பார்க்க மனசில்லை. ஆவணி பிறக்கப்போகிறது, மண்டபத்தைக் காலிசெய்து கொடுக்கவேண்டும். என் கவலை எனக்கு.