ஆளில்லாத டிரம்

அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் ஒருவர்கூட, டிரம்மை யார் அடிக்கிறார் என்று கேட்டதில்லை. பயாஸ்கோப் கொட்டகையின் வாசலில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த போட்டோ அது. கிளாரினெட், பிடில், ஆர்மோனியம் மூன்றும் உண்டு, மூன்றுக்கும் ஆளும் உண்டு. அவர்களுக்கு முன்னால், கொட்டகையின் பெயரை எழுதிய பெரிய டிரம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதன் பின்னால் வெறும் இருட்டு. மதுரையில் படம் பிடிக்கிற தொழிலில் இருந்த நாலைந்து பேர் வந்து பார்த்துவிட்டு, அத்தனை மங்கலான இடத்தில், வாசிக்கிறவர்களை வாசிக்கும்போதே எப்படி எடுத்தாய் என்று என்னைக் கேட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் விளக்கம் சொன்னேன்.

பேசும் படம் வராத காலம். தெற்கு வெளிவீதிப் பக்கம் இருந்த அந்தக் கொட்டகை ஓலை வேய்ந்தது, சின்னது. முன்னால் மணல், பின்னால் பத்துப் பன்னிரண்டு பெஞ்சு. திரைக்குக் கீழே பாண்டு செட் உட்கார்ந்து, திரையில் குதிரை ஓடினால் ஓட்டமாகவும், கதாநாயகி அழுதால் இழுவையாகவும் வாசிக்கும். ஆறு மணி ஆட்டம் தொடங்குமுன் கால் மணி நேரம் தனியாகவும் வாசிப்பார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் அவர்களைப் படம் எடுத்துத் தர வேண்டும் என்று முதலாளி கேட்டார். ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தால் அவருக்குப் பிடிக்காது. கொட்டகையும் தெரிய வேண்டும், வாசிக்கிறதும் தெரிய வேண்டும். நான் அப்போதுதான் மாடியில் ஒரு அறை பிடித்து, வாசலில் பலகை மாட்டியிருந்தேன். சரி என்றேன்.

பளீரென்று எரிகிற மக்னீசியப் பொடியைத் தட்டில் கொட்டிப் பற்ற வைத்தால் வேலை ஒரு நொடியில் முடிந்திருக்கும். ஓலைக் கொட்டகைக்குள் அதைக் கொண்டுவந்தால் காமிராவோடு என்னையும் சேர்த்துக் கொளுத்திவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். நியாயம்தான். ஆகவே நாலு பெட்ரோமாக்ஸ் விளக்கை வாடகைக்கு எடுத்தேன். அந்த வெளிச்சத்துக்கு லென்ஸ் மூடியைக் கழற்றி எட்டு எண்ணுகிற வரை திறந்து வைக்க வேண்டும். எட்டு எண்ணுகிற வரை ஆடாமல் அசையாமல் யார் வாசிப்பார்கள்? மூன்று நாளில், படம் பதிகிற மருந்து பூசிய கண்ணாடித் தகடு மூன்று பாழாயிற்று. கிளாரினெட் மாஸ்டருக்கு இரண்டு தலை வந்தது. பிடில்காரரின் வில் விசிறி மாதிரி விரிந்து கிடந்தது.

"எங்க வீட்டு மாட்டப் படம் பிடிச்சிருந்தாக்கூட இதவிட ஒழுங்கா நின்னிருக்கும்ப்பா" என்றார் முதலாளி. மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு மூஞ்சியில் அடித்தது போல இருந்தது.

மூன்றாம் நாள் நான் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தபோது டிரம் அடிப்பவன் பக்கத்தில் வந்தான். எனக்கு அவனைத் தெரியும். என் வயதுதான். அவனியாபுரத்துப் பக்கத்துச் சேரியிலிருந்து மிஷன் பள்ளிக்கு வந்து, அங்கே பாண்டில் டிரம் பழகியவன். எங்கள் சபைதான். ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயிலில்தான் ஆராதனை. என் வீட்டார் பெஞ்சில் உட்காருவோம், அவன் வீட்டார் பின்னால் பாயில் உட்காருவார்கள். அப்படி உட்காரச் சொல்லி யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும்.

"அண்ணே, ஓடுற பாட்டுல எடுத்தா எப்புடி நிக்கும்? முடிக்கிற எடத்துல எல்லாரும் ஒரே சுரத்தப் புடிச்சுக்கிட்டு நிப்போம்ல, அதுல எடுங்க. மாஸ்டருக்கு மூச்சு நல்லாத் தாங்கும். நான் குச்சியத் தூக்குறேன். நான் எறக்குற வரைக்கும் யாரும் விடக்கூடாதுன்னு சொல்லிப்புடுவோம். நீங்க எண்ணிக்கிருங்க" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று நாளாக நான் விளக்கையும் லென்ஸையும் கட்டிக்கொண்டு அழுதேனே தவிர, அவர்கள் வாசிக்கிற பாட்டைக் காது கொடுத்துக் கேட்கவே இல்லை.

ஒரு சிக்கல் இருந்தது. அவன் எப்போதும் ஆர்மோனியத்துக்குப் பின்னால், மூலையில் நின்றுதான் அடிப்பான். அங்கே நின்றால் அவன் தூக்குகிற குச்சி மற்றவர்களுக்குத் தெரியாது. நான்தான் டிரம்மை இழுத்து முன்னால், விளக்குக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அவன் ஒரு நிமிஷம் தயங்கினான். "பரவால்லயாண்ணே?" என்று கேட்டான். "படம் எடுக்கிறது நானா, நீயா?" என்று அதட்டினேன். அவன் எதற்குத் தயங்கினான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்றைக்கே அவன் தன் காரியத்தையும் சொன்னான். அவனுடைய சின்னையா கொழும்பில் இருந்தார். அங்கே ஒரு பயாஸ்கோப் கொட்டகையில் டிரம்முக்கு ஆள் எடுக்கிறார்கள். செட்டோடு சேர்ந்து வாசிக்கிற மாதிரி ஒரு படம் அனுப்பு, அதைக் காட்டி உன்னை வரவழைக்கிறேன் என்று எழுதியிருந்தார். அடுத்த வாரத்துக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். "ஒரே ஒரு காப்பிண்ணே" என்றான். "ஒன்று என்ன, இரண்டு தருகிறேன்" என்றேன். அவன் கொழும்புக்குப் போகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் ஆறு மணிக்கு முன்னால் எடுத்தேன். பாட்டு முடிகிற இடம் வந்தது. அவன் குச்சியைத் தலைக்கு மேல் தூக்கினான். கிளாரினெட்டும் பிடிலும் ஆர்மோனியமும் ஒரே சுரத்தில் நின்றன. மூடியைக் கழற்றினேன். மணலில் உட்கார்ந்திருந்த சனம்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. எட்டு எண்ணி மூடினேன். அவன் குச்சியை இறக்கினான், டிரம் அதிர்ந்தது, கொட்டகையே கைதட்டியது. என் வாழ்நாளில் அம்புட்டு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை.

இருட்டறையில் கண்ணாடியைக் கழுவிப் பார்த்தேன். மாஸ்டரின் கன்னம் ஊதி ஊதிக் கொஞ்சம் கலங்கியிருந்தது. பிடில்காரர் சுமார். டிரம் அடிப்பவன் மட்டும் கல்லில் வெட்டியது போல நின்றான். தூக்கிய கை, புடைத்த நரம்பு, சட்டையில் ஒரு பொத்தான் இல்லாதது வரை தெரிந்தது.

காலையில் ப்ரூப் போட்டேன். ப்ரூப் என்றால், கண்ணாடிக்குக் கீழே தாளை வைத்து வெயிலில் காட்டி எடுப்பது. அதை ஹைப்போ மருந்தில் போட மாட்டோம். போட்டால் படம் நிலைத்துவிடும், வாடிக்கைக்காரர் அதையே வைத்துக்கொண்டு திரும்பி வராமல் போய்விடுவார். போடாவிட்டால் வெளிச்சம் படப்படக் கறுத்துக்கொண்டே போய் ஒன்றுமில்லாமல் ஆகும். இது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற தந்திரம்.

கறுப்புத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் முதலாளியிடம் காட்டினேன். மாஸ்டரும் கூட இருந்தார். முதலாளி முகம் மலர்ந்தது. மாஸ்டர் முகம் சுருங்கியது.

"இது யாரு செட்டுங்கய்யா? என் செட்டா, அவன் செட்டா? அவன் முன்னால நிக்கிறான், நான் அவனுக்குப் பின்னால ஊதுறேன். நாளைக்கு எங்காளுக வந்து பாத்தா என்ன சொல்லுவாக?"

முதலாளி இன்னொரு தடவை பார்த்தார். இந்தத் தடவை அவருக்கும் அதுதான் தெரிந்தது.

"ஆமால்ல. கொட்டகை வாசல்ல மாட்டுற படம். பெரிய மனுசங்க வந்து போற எடம். தம்பி, அவன எடுத்துரு. டிரம் இருக்கட்டும், அதுல நம்ம பேரு இருக்கு."

பல வருஷமாக அவன் அதே கொட்டகையில் அதே செட்டில் அடித்துக்கொண்டிருந்தான். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இருட்டில் அடிக்கலாம், வெளிச்சத்தில் நிற்கக் கூடாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ப்ரூப் வேண்டியிருந்தது. புரிந்து என்ன கிழித்தேன்? "செய்துடலாம்யா" என்றேன். படம் வாசலில் ஏற வேண்டும், கீழே என் ஸ்டூடியோவின் பெயர் வர வேண்டும். என் புத்தி அதில்தான் இருந்தது.

திரும்பி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்திருந்த மருந்தைச் சிறு கத்தியால் சுரண்டினேன். சுரண்டிய இடம் தாளில் கறுப்பாக விழும். கொட்டகையும் இருட்டு என்பதால் எதுவும் உறுத்தாது. முதலில் குச்சி, பிறகு கை, பிறகு முகம். நல்ல கை எனக்கு. டிரம்மின் விளிம்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. ப்ரூப் அதே மேசையில் துணி விலகிக் கிடந்தது. அவனைக் கண்ணாடியில் நான் சுரண்டிக்கொண்டிருக்க, ஜன்னல் வெளிச்சத்தில் அதிலும் அவன் கறுத்துக்கொண்டிருந்தான். அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சுரண்டினேன்.

இரண்டு நாள் கழித்து அவன் வந்தான். விலாசம் எழுதிய உறையைக் கையோடு கொண்டுவந்திருந்தான். நான் படத்தை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மாஸ்டர் சொன்னாராண்ணே?"

"முதலாளியும் சொன்னார்."

"என்னையத் திரும்ப மூலைக்கே போகச் சொல்லிட்டாக. அப்பவே நெனச்சேன்."

"வா, உன்னைத் தனியாக எடுத்துத் தருகிறேன். இப்போதே எடுக்கலாம்" என்றேன்.

"தனியா எதுக்குண்ணே? டிரம்ம மாட்டிக்கிட்டு எவன் வேணா நிக்கலாம். செட்டோட வாசிக்கிறது தெரியணும்னுல எழுதிருக்காரு." பிறகு கேட்டான்: "அழிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டிருப்பீகள்ல?"

ப்ரூப்பை எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் அது முழுக்கக் காப்பிக்கொட்டை நிறமாகியிருந்தது. அவன் ஜன்னலுக்குப் போய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"ஏண்ணே இப்புடி ஆச்சு?"

"மருந்தில் போடவில்லை."

"போட எம்புட்டு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்."

அவன் தலையை ஆட்டினான். தாளை மேசையில் வைத்தான். உறையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "வாரேண்ணே" என்று சொல்லிப் படியிறங்கிப் போனான்.

முதலாளிக்குப் பயந்துதான் செய்தேன் என்று என் மனைவியிடம் பின்னால் சொல்லியிருக்கிறேன். அது பொய். மாடி அறைக்கு முதலாளி வரவில்லை. மாஸ்டர் வரவில்லை. கதவு சாத்தியிருந்தது, மருந்துத் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அவனுக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்திருந்தால் இந்த ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பத்து நிமிஷத்தை அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.