செண்பகவல்லியின் சிவப்பு விளக்கு

செண்பகவல்லி இறந்துவிட்டார் என்று அவருடைய கணவர் புதன்கிழமை மதியம் அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னார். மூளையில் ரத்தக்கசிவு. இரண்டே நாள்தான் ஆஸ்பத்திரியில் இருந்தாராம். நான் இந்தியில் "அச்சா, அச்சா" என்று சொல்லிப் போனை வைத்தேன். தமிழில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. பாதியில் விட்டிருந்த இருப்புப் பதிவேட்டை எழுதி முடித்தேன். வழக்கமான பஸ்ஸில் லோதி ரோடு குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினேன். அழுகை அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

தமிழ்ப் பள்ளி விழாக்களில் மைக் கரகரத்தால் மேடைக்குப் பின்னால் ஓடும் கோவில்பட்டி அம்மாளாக, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். எனக்கு அவர் உடன் வேலை பார்த்தவர். அரசு மருந்துக் கிடங்கு ஒன்றில் அவர் ஸ்டெனோ, நான் குமாஸ்தா.

ஐந்தாறு வருடங்களுக்கு முன் மாலை நேர மின்னணு வகுப்பு ஒன்றில் இருவரும் சேர்ந்தோம். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில் நான் சேர்ந்தேன். அவருக்கு அப்படிப் பயம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. டிபன் பெட்டி அளவில் ஒரு மின்சுற்றுப் பலகை, அதில் இருபது சொச்சம் பொத்தான்கள். எண்ணும் எழுத்துமாகக் கட்டளைகளை வரிசையாக அழுத்தினால் ஒரு சின்ன விளக்கு எரிந்து அணையும். முதல் நாள் கடைசிக் கட்டளையை அழுத்தும் முன் கரண்ட் போனது. கரண்ட் போனால் பலகை எல்லாவற்றையும் மறந்துவிடும். அவரைத் தவிர நாங்கள் எல்லோரும் டீ குடிக்கப் போனோம். கரண்ட் வந்து நாங்கள் திரும்பியபோது செண்பகத்தின் விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

"ரெண்டாந்தடவ போடும்போதுதான் சார் புரியுது. மொததடவ அவுக சொன்னதைச் செஞ்சேன், அம்புட்டுதான்" என்றார்.

வகுப்பு முடிந்ததும் பழைய பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். எங்கள் கிடங்கின் தடுப்பூசி மருந்துகள் எட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. மிளகு அளவு வெப்ப உணரி ஒன்றைக் குளிர்பெட்டிக்குள் தொங்கவிட்டார். ஐஸ் தண்ணீரில் அதையும் தெர்மாமீட்டரையும் சேர்த்து முக்கி, எட்டு டிகிரிக்குப் பலகை என்ன எண் காட்டுகிறது என்று மூன்று மதியங்கள் குறித்துக்கொண்டார். அதற்குக் கீழே இருந்தால் பச்சை, மேலே போனால் சிவப்பு. கரண்ட் போனாலும் மறக்காதபடி பலகையை ஸ்கூட்டர் பாட்டரி ஒன்றிலேயே ஓடவிட்டார். விளக்குகள் என் மேஜையில் இருந்தன.

அந்த மே மாதம் பெட்டிக் கதவை அடிக்கடி திறந்ததால் சிவப்பு பலமுறை எரிந்து அணைந்தது. எனக்கு அலுத்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை நான் கிளம்பும் நேரத்தில் மறுபடியும் எரிந்தது. எழுந்து போய்ப் பெட்டியைப் பார்க்கவில்லை. பாட்டரி வயரைப் பிடுங்கிவிட்டு பஸ் பிடிக்கப் போனேன்.

பெட்டி பழுதாகியிருந்தது. திங்கட்கிழமை திறந்தபோது உள்ளேயும் வெளியே அடித்த அதே சூடு. மருந்து முழுவதும் வீண். லைட் எரிந்ததா என்று அதிகாரி இந்தியில் கேட்டார். எரியவில்லை என்றேன். செண்பகம் பலகையைப் பார்த்தார். அதில் ஒரு எண்கூட இல்லை. பிறகு கழன்று கிடந்த வயரைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பாட்டரியைச் சார்ஜ் செய்யத் தானே கழற்றியதாகவும், திரும்ப மாட்ட மறந்துவிட்டதாகவும் அதிகாரியிடம் சொன்னார். அவருக்கு மெமோ வந்தது, பதவி உயர்வு போனது, மாற்றல் உத்தரவும் வந்தது.

அவர் கடைசியாக வந்த நாளில் பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உங்களைக் காப்பாத்தணும்னு சொல்லல சார். லைட்டு எரியலன்னு நீங்க சொல்லிட்டீங்க. அதை அப்படியே விட்டிருந்தா லைட்டு வேலைக்காகாதுன்னு தூக்கிப் போட்டிருப்பாக. நீங்கதான் வயரைப் பிடுங்குனீகன்னு சொன்னா நிரூபிக்கணும். எம்மேலயே சொல்லிக்கிட்டா யாரும் ஆதாரம் கேக்கப் போறதில்ல."

பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், பஸ் கிளம்ப நேரம் இருந்தது.

விளக்கு அங்கேயே இருந்தது. அடுத்த கோடையில் ஒரு பிற்பகல் சிவப்பு எரிந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன், பெட்டி நின்றுபோயிருந்தது. மருந்து எல்லாவற்றையும் வேறு பெட்டிக்கு மாற்றினோம், ஒன்றும் கெடவில்லை. அவருடைய புது அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னேன். எத்தனை டிகிரியில் எரிந்தது என்று கேட்டார். எட்டு என்றேன். சரி என்று சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

இதை அவர் கணவருக்கும் நான் சொன்னதில்லை. இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். அவர் நினைவாக என்னிடம் இருப்பது ஒரே ஒரு தாள். தவறு தன்னுடையது என்று அன்று அவரே டைப் செய்து கொடுத்த விளக்கக் கடிதத்தின் கார்பன் நகல். பிழை ஒன்றுகூட இல்லாத டைப்பிங். கீழே சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது.