வாழைமரம் கட்டாத பந்தல்

தேன்மொழியின் தம்பி முருகனின் அழைப்பு வந்தபோது நான் திருநாவலூர் போகும் பேருந்தில் இருந்தேன். "சார், அக்காவுக்கு மூச்சு நின்னுடுச்சி சார்" என்றான். இறந்துவிட்டார் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் மூச்சு என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. நடத்துநர் விசில் ஊதியதும், ஏதோ ஒரு நிறுத்தத்தில் நான் இறங்கி நின்றதும்தான் நினைவிருக்கிறது. எதிர்ப்பக்கம் வந்த பேருந்தில் ஏறித் திரும்பினேன்.

தேன்மொழியை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாக நான் என்ன சொல்லப் போகிறேன்? நைனார்பாளையத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைத்த வீட்டில் பிறந்து, சென்னையில் சிற்பம் படித்தவர். கல்லைச் செதுக்கிச் செதுக்கி, அந்தத் தூசியை நுரையீரலில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது, இனிச் சரியாகாது என்று மருத்துவர் கையை விரித்தபிறகு, ஒருநாள் கள்ளக்குறிச்சியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் காலியாகக் கிடந்த எங்கள் நெல் கிடங்கும், அதன் முன்னால் உள்ள சாலையோரக் களமும் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"கல்லு இனிமே நமக்கு ஒத்துக்காது சார். காத்த வச்சி வேலை செய்யப் போறேன்."

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். காற்றை வைத்து யாரும் சிற்பம் செய்ய முடியாது என்று வாசலிலேயே வாதம் பண்ணினேன். அவர் சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

களத்தின் மேல் வெள்ளைத் துணியில் ஒரு பெரிய கூரை தைத்துக் கட்டினார். வானத்தைப் பற்றியது என்கிறீர்களே, நீலத் துணி எடுத்தால் என்ன என்று அதற்கும் ஒரு சண்டை போட்டேன். "நீலத்த அது பாத்துக்கும் சார்" என்று மேலே கையைக் காட்டினார். கூரையின் நடுவில் வட்டமாக ஒரு திறப்பு; அதன் வழியே வானம் தெரியும். கீழே கோரைப்பாய்கள். சுற்றிலும் மின்விசிறிகள். அவை ஓடினால் கூரை மெல்ல உப்பி எழும், நின்றால் தாழும். பாயில் படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், கொஞ்ச நேரத்தில் தங்களை அறியாமலே அந்தக் கூரையோடு சேர்ந்து மூச்சு விடத் தொடங்குவார்கள். அவ்வளவுதான் அந்தப் படைப்பு. இவ்வளவுதானா என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். "நாம வுட்ட மூச்சத்தான் சார் பக்கத்துல இருக்கறவங்க இழுக்கறாங்க. யாருக்கு இங்க தனியா காத்து இருக்குது?" என்றார்.

எனக்கு அதில் ஒரு குறை தெரிந்தது. கூரை சீராக எழவில்லை. பாதி எழுந்து திணறி நிற்கும், சட்டென்று இறங்கும், உடனே மறுபடி எழப் பார்க்கும். விசிறிகளை ஓட்டும் பெட்டியில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, திருப்புளியோடு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். தேன்மொழி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொட்டி நல்லாத்தான் சார் இருக்குது. நான்தான் இப்பிடி இருக்கறேன்."

நெஞ்சில் ஒரு பட்டையைக் கட்டித் தன் மூச்சைப் பதிவு செய்து, அதைத்தான் அந்தப் பெட்டியில் வைத்திருந்தார். திருப்புளியைக் கீழே வைத்தேன். "ஆஸ்பத்திரில தனியா படுத்துக்கினு மூச்சு வாங்கறேன் பாருங்க, அதான் சார் பயம். சாவுகூட இல்ல. கூட யாராவது சேந்து வாங்குனா கஷ்டம் கம்மியா தெரியும்" என்றார். அத்தனை துணியும் அத்தனை பாய்களும் அதற்குத்தான்.

திறப்பு நாளில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நம் பக்கத்தில் சாலையோரம் ஒரு பந்தல் இருந்து, வாழைமரம் கட்டாமல், பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும் கிடந்தால் அது என்ன வீடு என்று யாரும் விசாரிப்பதில்லை. எங்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நைனார்பாளையத்தில் தேன்மொழியின் அடுத்த வீட்டுக்காரர் அஞ்சலை. தேன்மொழிக்குச் சின்னம்மா முறை. அன்று பேருந்தில் போய்க்கொண்டிருந்தவர், அந்தப் பந்தலையும் வெள்ளை வேட்டியோடு முன்னால் நின்ற தம்பி முருகனையும் பார்த்துவிட்டார். பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்பதும் தெரியும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஒரு மாலையையும் வாங்கிக்கொண்டு, "எம்மவளே, எங்களையெல்லாம் வுட்டுட்டுப் போய்ட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டு வந்தார். வாசலுக்கு வந்து எதிர்கொண்டது தேன்மொழியேதான்.

சின்னம்மா அப்படியே நின்றுவிட்டார். மாலையை எங்கே ஒளிப்பது என்று நான் விழித்தேன்.

"இன்னா சின்னம்மா, அவசரப்பட்டுட்ட? சரி குடு, வாங்கியாந்தத வீணாக்க வேணாம்" என்று தேன்மொழி கையை நீட்டி வாங்கி, அதைப் பந்தற்காலில் மாட்டினார்.

"அடிப்பாவி, சிரிக்கிறியாடி" என்று அவரைக் கட்டிக்கொண்டு சின்னம்மா அழுதார்.

பிறகு அவரையும் பாயில் படுக்கவைத்தோம். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இது இன்னாம்மா, ஓடியாந்த ஆளு மாரி இளைக்குது?" என்று கேட்டார். "நான்தான் சின்னம்மா அது" என்றார் தேன்மொழி. சின்னம்மா தானும் அதேபோல மூச்சு வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டுத் தூங்கிப்போனார். வந்தவர்கள் சிரித்தார்கள். "எழுப்பாதீங்க, நேத்தெல்லாம் நடவு அதுக்கு" என்று தேன்மொழி அவர்களை அடக்கினார்.

கூரையை வெள்ளிமலைக்குக் கொண்டுபோயே தீர வேண்டும் என்பது அடுத்த பிடிவாதம். ஆக்சிஜன் உருளையை மடியில் சாய்த்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். வளைவுகளில் ஏற ஏற உதடுகள் நீலம் பாரித்தன. திரும்பிவிடலாம் என்று நான் கத்தினேன். "கத்தாதீங்க சார், காத்து வீணாவுது" என்றார். சாமை அறுத்த ஒரு கொல்லையில் கூரையைக் கட்டினோம். அங்கே மின்சாரம் இல்லை. பெட்டியை வைத்துக்கொண்டு நான் எரிச்சலில் நின்றிருந்தபோது, மலைக்காற்று வந்து கூரையைத் தூக்கியது. அது நீளமாக, நிதானமாக எழுந்து இறங்கியது. கொல்லைக்காரர்கள் வந்து படுத்தார்கள். அவர்களுடைய மூச்சு கூரையோடு எளிதாகச் சேர்ந்துகொண்டது. தேன்மொழியும் முயன்றார். இருமல்தான் வந்தது.

"எனக்கு இது வராது சார். பாத்துக்கினு இருக்கறேன், போதும்."

அடுத்த பாயில் படுத்திருந்த நான், கூரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்து அவரைப்போல மூச்சு வாங்கினேன். தலை சுற்றியது. இப்படித்தான் இந்தப் பெண் பகலெல்லாம் பேசுகிறார், சிரிக்கிறார், என்னோடு சண்டையும் போடுகிறார் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்து, "பரவால்ல சார், கத்துக்கினீங்க" என்றார்.

எதற்குப் பயந்தாரோ கடைசியில் அதுதான் நடந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் யாரையும் விடவில்லை. முருகன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தான். தேன்மொழி தனியாகத்தான் போனார். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நைனார்பாளையத்து வீட்டின் முன்னால் பந்தல் போட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அஞ்சலை சின்னம்மா வெறுங்கையோடு வந்தார். "மாலதான் நான் அப்பவே போட்டுட்டனேடா" என்று முருகனிடம் சொன்னார். ஒப்பாரி வைக்கவில்லை. ஐஸ் பெட்டியின் பக்கத்தில் ஒரு பாயை விரித்துப் படுத்து, மேலே பார்த்தபடி குட்டை குட்டையாக, திணறித் திணறி மூச்சு வாங்கத் தொடங்கினார். அவருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று ஒரு பெண் தண்ணீர் கொண்டுவர ஓடினார். முருகன்தான் முதலில் புரிந்துகொண்டான். அக்காவின் தலைமாட்டில் அவனும் படுத்தான். நானும் போய்ப் படுத்தேன்.

அவர் தன் மூச்சைப் பதிவு செய்து வைத்த அந்தப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. தேன்மொழி என்று என்னிடம் மிச்சமிருப்பது அதுதான். கருமாதியன்று நம் களத்தில் அந்த வெள்ளைக் கூரையை மறுபடி கட்டப்போகிறோம். மாலை வேண்டாம்; ஆளுக்கொரு பாய் கொண்டு வாருங்கள். கூரை பாதியில் திணறி நிற்கும்போது, கோளாறு என்று நினைத்து யாரும் எழுந்துவிடாதீர்கள். அது தேன்மொழி. கொஞ்ச நேரம் கூட இருங்கள்.