இஸ்தோப்பில் வைத்த இரண்டாவது அடுப்பு

எனக்கு எழுத்து ஓடாது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சொல்வது முன்னுக்குப் பின்னாக வரும், சிலது மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்தில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் நாங்கள் நாலு பேர். மாமி, அவருடைய மகனான என் வீட்டுக்காரர், நான், எங்கள் மகள். கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதா மாதம் உதவி கொடுக்கும் கார்டை எங்களுக்கும் எழுதப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் லயமே பரபரத்தது. ஓர் அடுப்புக்கு ஒரு கார்டுதானாம். ஒரே வாரத்தில் எங்கள் லயத்தில் அடுப்புகள் பெருகிவிட்டன. என் வீட்டுக்காரரும் மூன்று கல்லைத் தூக்கிவந்து வாசல்பக்கம் இஸ்தோப்புத் திண்ணையில் வைத்தார்.

"கார்டு எழுதுற ஐயா வந்து பாத்துட்டுப் போற வரைக்கும்தான் புள்ள. சும்மா புகையக் காட்டு."

"அவரு என்ன கண்ணில்லாதவரா?" என்றார் மாமி. "கல்லுல கரி புடிச்சாத்தான் நம்புவாரு. நெசமாவே ஆக்கச் சொல்லு."

ஆக்கினேன். முதல் நாள் தேத்தண்ணி. மறுநாள் சோறும் பருப்பும். கல்யாணம் முடித்து ஒன்பது வருஷத்தில், உப்பு எவ்வளவு என்று யாரிடமும் கேட்காமல் நான் போட்டது அன்றைக்குத்தான். கூடிப்போய்விட்டது. ஆனாலும் தின்றோம்.

கார்டு இரண்டு வந்தது. ஒன்று மாமிக்கு, ஒன்று என் பேரில். என் சம்பளத்தைக்கூட வீட்டுக்காரர்தான் போய் வாங்கிவருவார். என் பேர் எழுதிய ஒன்றை நான் அதுவரைக்கும் கையில் பிடித்ததில்லை.

"இனி அந்தக் கல்லத் தூக்கி வீசு" என்றார் அவர்.

"இருக்கட்டுங்க" என்றேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்.

கார்டுக் காசு வரத் தொடங்கியதும், ஞாயிற்றுக்கிழமை அன்றன்றைக்கே கொடுக்கும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போவதையும் விட்டேன். மற்ற ஆறு நாளும் மலைக்குப் போனேன், சோம்பேறி இல்லை. ஞாயிறு மட்டும் மகளுக்குத் தலை குளிப்பாட்டி, அவள் பாடம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். லயத்து வழியே போகும் கங்காணி, "என்னம்மா, அரசாங்கத்துக்கு மருமகளாயிட்டியா? மலைப்பக்கமே காணோம்!" என்பார். கூசிப்போவேன். போகமாட்டேன்.

ஆனால் உட்கார்ந்த இடத்தில் இருப்பு கொள்ளாது. உள்ளே மாமி அடுப்பு ஊதுவது வெளியே கேட்கும். அவர் என்னை ஒன்றும் ஏசவில்லை. அதுதான் கஷ்டம். வீட்டுக்காரர் அங்கே பாதி, இங்கே பாதி சாப்பிட்டுவிட்டு, "எனக்கென்ன ரெண்டு வயிறா?" என்று கத்துவார். ஒரு நாள் மாமிக்குக் கறி கொண்டுபோய் வைத்தேன். மூடியைத் திறந்து பார்த்தார். "ஒன் சட்டி கொறஞ்சிரும், எடுத்துக்கிட்டுப் போ."

தைப்பொங்கலோடு கல்லை எடுத்துவிடலாம், பழையபடி ஒரே பானை வைக்கலாம் என்று மனசுக்குள் முடிவு பண்ணினேன். அதற்குள் கார்டு எழுதிய சிங்கள ஐயா மறுபடி வந்தார். பொய்யாகப் பிரிந்த வீடுகளின் கார்டை வெட்டுகிறாராம். மாமியிடம்தான் கேட்டார்: "அம்மே, ஒண்ணா சாப்பிடுறதா, வேறயா?"

நான் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"அவ வேற குடும்பம்ங்க" என்றார் மாமி. "எனக்கும் அவளுக்கும் சோறு தண்ணி ஒண்ணும் கெடையாது."

என் கார்டு தப்பியது. பொங்கலுக்கு முதல் நாள் நான் கல்லைத் தூக்கக் குனிந்தேன்.

"வச்ச எடத்துலயே வையி" என்றார் மாமி. "ஐயாகிட்ட சொல்லியாச்சு. நான் சொன்னது பொய்யாகக் கூடாது."

அந்தத் தைப்பொங்கலுக்கு ஒரு காம்பராவுக்கு இரண்டு பானை பொங்கியது. மாமி கண்ணை மூடும்வரைக்கும் அப்படித்தான் இருந்தோம்.

என் கார்டைக் காப்பாற்றச் சொன்னாரா, மனசில் இருந்ததைச் சொன்னாரா? இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. என் மகள் இப்போது கண்டி டவுனில் வேலை செய்கிறாள். அப்போது மூன்றாம் வகுப்பு, என் முழங்காலுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். மாமி அதைச் சொல்லும்போது ஐயாவைப் பார்த்தாரா, என்னைப் பார்த்தாரா என்று அவள் சொல்லட்டும். நான் தலையைக் குனிந்துகொண்டேன், பார்க்கவில்லை. மற்றதும் தப்பாக இருந்தால் அவளே பார்த்துத் திருத்தட்டும்.