டவர் கடையில் ஒரு விடுப்பு விசாரணை

போன பொங்கலை ஒட்டி, கொடைக்கானலில் இருந்து மன்னவனூர் போகும் சாலையில் நடந்தது இது.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, கொடைக்கானலிலேயே தங்கிவிட்டவன். விடுப்பு விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எழுப்பிக் கேட்பவர்தான் இப்போது யாரும் இல்லை. மகளுக்கு பெங்களூரில் மென்பொருள் வேலை, பெரிய சம்பளம். அவர்கள் நிறுவனத்தில் விடுப்புக்குக் கணக்கே கிடையாதாம், எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம். முதலில் கேட்டபோது பொறாமையாக இருந்தது. அப்படி எடுத்தவர் யார் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ஒருவர் பெயரும் ஞாபகம் வரவில்லை என்றாள்.

பேத்திக்கு ஆறு வயது. மன்னவனூர் ஆட்டுப் பண்ணையைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. முன்பு இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் அம்மாவின் போன் அடித்துப் பாதி வழியில் திரும்பியிருந்தோம். இந்தப் பொங்கலுக்கு இருவரும் விடுப்பில் வந்திருந்தபோது, ஜீப்பில் ஏறும்போதே என் காதில் சொன்னாள்: "ஆடு பார்க்கப் போறோம்னு இப்பவே சொல்லாதீங்க தாத்தா. பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

ஆறு வயதில் அவ்வளவு முன்ஜாக்கிரதை எனக்குப் பிடிக்கவில்லை.

பூம்பாறையைத் தாண்டி ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். "ஐயா, இதுக்கு மேல டவரு கெடையாது. பேசுற சோலி இருந்தா இங்கனயே முடிச்சுக்கங்க."

அங்கே ஒரு டீக்கடை. பெயர்ப்பலகை இல்லை, எல்லோரும் டவர் கடை என்கிறார்கள். காரின் மேல் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு நாலைந்து இளைஞர்கள் நின்றபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்கார அம்மா டீயை நீட்டியபடி சொன்னார்: "இவுக மலையப் பாக்க வரல சார், டவரப் பாக்க வந்திருக்காக."

வளைவுகளில் குலுங்கி வந்ததில் பேத்தி வாந்தி எடுத்துவிட்டாள். மகள் போனை என் கையில் திணித்துவிட்டு, கழுவிவிடக் குழாயடிக்கு அவளை அழைத்துப் போனாள். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. விடாமல் அடித்தது. நாற்பது வருடப் பழக்கம், அடிக்கிற போனை எடுக்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

மகளின் மேலாளர். தமிழர்தான். ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை, மேடம் உடனே வர வேண்டும் என்றார்.

"அலுவலர் விடுப்பில் இருக்கிறார். பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது?" என்றேன். கிண்டலுக்குக் கேட்கவில்லை. எனக்கு வேறு மாதிரி கேட்க வராது.

"அது வந்து சார்..." என்று இழுத்தார். பின்னால் நாதஸ்வரச் சத்தம்.

"நீங்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள்?"

"மச்சினி கல்யாணம் சார். மண்டபத்துல இருக்கேன்."

"அப்படியானால் நீங்களும் விடுப்பு. விடுப்பில் இருப்பவர், விடுப்பில் இருக்கும் இன்னொருவருக்கு உத்தரவு போட எந்த விதியிலும் இடமில்லையே!"

"மேடம் வந்தா பேசச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

மகள் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா! அது என் ஆபீஸ்ப்பா, உங்க தாலுகா ஆபீஸ் இல்ல. இந்த மாசம்தான் பிரமோஷன் முடிவாகுது. பெருசா லீவைப் பத்திப் பேசுறீங்க, நீங்க வருஷா வருஷம் லீவை சரண்டர் பண்ணிக் காசு வாங்கலையா?"

விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறுவது விதிப்படி அனுமதிக்கப்பட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

போனை வாங்கிக்கொண்டு ஒரு யூகலிப்டஸ் மரத்தடிக்குப் போனாள். பேத்தி ஜீப்பில் ஏறி, தன் ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். டிரைவர் மரத்தடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "திருப்பிருவோமா ஐயா?" என்று மெதுவாகக் கேட்டார். இதற்கு விதி எதுவும் இல்லை.

மகள் நெடுநேரம் பேசினாள். முதலில் குனிந்துகொண்டு பேசினாள், பிறகு நிமிர்ந்தாள், நடுவில் ஒரு முறை சிரித்தது போலவும் இருந்தது. திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தாள்.

"என்னம்மா சொன்னார்?"

"அவருக்கும் யார்கிட்ட பொறுப்புன்னு தெரியலப்பா. ஆபீஸ்ல இருக்கிற ஒரே ஆளு புதுசாச் சேர்ந்த பொண்ணு. அவளே பார்க்கட்டும்னு சொல்லிட்டு, எங்கே என்ன பார்க்கணும்னு அவளுக்கும் போன் போட்டுச் சொல்லிக் குடுத்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் நான் டவர்ல இருக்க மாட்டேன்னும் சொல்லிட்டேன்."

"பிரமோஷன்?"

"பார்க்கலாம்" என்றவள், டிரைவரைப் பார்த்து, "போங்கண்ணே" என்றாள். பிறகு குனிந்து, பேத்தியின் ஷூ கயிற்றைத் தானே இறுக்கிக் கட்டினாள்.

மன்னவனூரில் அன்று நல்ல வெயில், கூடவே எலும்பில் இறங்கும் குளிர். ஒரு பெரிய ஆடு பேத்தியின் துப்பட்டாவைக் கடித்து மென்று தின்னப் பார்த்தது. அவள் அதனிடம் நியாயம் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் மகளைக் காணோம். சற்றுத் தள்ளிப் புல் சரிவில், கைப்பையைத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்துகொண்டு அயர்ந்து தூங்குகிறாள்.

பதவி உயர்வு அந்த முறை வரவில்லை, அடுத்த முறை வந்தது. இரண்டுக்கும் நான் பேசியதுதான் காரணமா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அவள் விடுப்பு எடுத்தால், யார் பொறுப்பு என்று முன்கூட்டியே ஒருவரைச் சொல்லிவிட்டு வருகிறாளாம். மச்சினி கல்யாணத்து மனிதரும் அப்படித்தான் செய்கிறாராம்.

எத்தனையோ பேருடைய விடுப்பு விண்ணப்பங்களை விதி பார்த்துப் பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் விடுப்பு என்றால் ஒரு மனிதருக்கு என்ன என்பதை, ஆடுகளுக்கு நடுவே அசந்து தூங்கிய மகளின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.